பிடிப்பவர் ஒருவர், விசாரிப்பவர் வேறொருவர்

எமது அரசியல் பேச்சில் "பொலிஸ் அதிகாரம்" என்ற சொற்றொடர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகப் புழங்கி வருகின்றது. 1987 நவம்பரில் 13ஆவது திருத்தச்சட்டம் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்ட நாள்தொட்டு, மாகாணங்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கலாமா, கூடாதா என்ற விவாதம் ஓய்ந்ததில்லை. கொடுத்தால் நாடு பிரிந்துவிடும் என்பார் ஒரு சாரார். கொடுத்தால்தான் எமக்குப் பாதுகாப்பு என்பார் மறு சாரார். ஆனால், கொடுக்கப்படும் பொலிஸ் எத்தகையதாக இருக்க வேண்டும், வீதியில் நிற்பவர் யார், வழக்கை விசாரிப்பவர் யார், தவறு செய்யும் பொலிஸ்காரரை விசாரிப்பவர் யார் என்ற கேள்விகள் அந்த விவாதத்தில் அரிதாகவே எழுந்திருக்கின்றன.

பொலிஸ் அதிகாரத்தின் பெரும்பகுதியை மாநிலங்களே வைத்திருக்கும் நாடுகளில் இக்கேள்விகளுக்கு என்ன பதில் கிடைத்திருக்கின்றது என்று தேடி வாசிப்பது எனக்கு நெடுநாட் பழக்கம். அவ்வாறு வாசித்தவற்றுள் என்னை அதிகம் யோசிக்க வைத்த நாடு பிரேசில். 20 கோடிக்கும் அதிகமான மக்கள், 26 மாநிலங்கள், தலைநகர் பிரசிலியாவை உள்ளடக்கிய ஒரு சமஷ்டி மாவட்டம். காற்பந்தாட்டத்தையும் கானிவெல் ஊர்வலத்தையும் தவிர அந்நாட்டைப் பற்றி எமது பத்திரிகைகளில் அதிகம் வருவதில்லை. வந்தாலும் அநேகமாக இரத்தச் செய்தியாகவே வரும்.

அப்படி வந்த ஒரு செய்திதான் எனது தேடலுக்கு வித்திட்டது. 1992 ஒக்டோபர் முதல் வாரத்தில் செய்தி ஆசிரியர் பீடத்துக்கு வெளிநாட்டுச் செய்தி நிறுவனமொன்றின் தகவல் வந்து சேர்ந்தது. சாவோ போலோ நகரின் காரன்டிரு சிறைச்சாலையில் ஒக்டோபர் 2ஆம் திகதி கைதிகளின் கலவரம் ஒன்று மூண்டது. அதை அடக்கச் சென்ற "மிலிட்டரி பொலிஸார்" 111 கைதிகளைக் கொன்றுவிட்டார்கள். மறுநாள் அங்கு மாநகர சபைத் தேர்தல். வாக்களிப்பு முடியும் வரை பலியானோரின் உண்மையான தொகை வெளியிடப்படவில்லை.

செய்தியைத் தமிழாக்கும் பொறுப்பு என்னுடையது. "மிலிட்டரி பொலிஸ்" என்பதை எப்படி எழுதுவது என்பதில் பேனா நின்றுவிட்டது. இலங்கை இராணுவத்தில் இராணுவப் பொலிஸ் என்று ஒரு படையணி உண்டு. முகாமைவிட்டு ஓடும் சிப்பாயைப் பிடிப்பதும், படையினரின் ஒழுங்கைக் கண்காணிப்பதும் அதன் வேலை. "இராணுவப் பொலிஸ்" என்று எழுதினால் வாசகர் அதைத்தான் எண்ணிக்கொள்வார். இதுவோ பொதுமக்களுக்கான பொலிஸ். அதுவும் மத்திய அரசினுடையது அல்ல, மாநிலத்தினுடையது. பீடத்தில் இருந்த மூத்தவர்களோடு சிறிது நேரம் விவாதித்த பின் "இராணுவ அமைப்பிலான மாநிலப் பொலிஸார்" என்று எழுதினோம். சொற்றொடர் சரியானதுதான், தலைப்புக்குள் மட்டும் அது அடங்கவில்லை.

மாநிலத்தின் பொலிஸ் ஏன் இராணுவ அமைப்பில் இருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லப் புகுந்தால் பிரேசிலின் பொலிஸ் வரலாறு முழுவதையும் சொல்ல வேண்டிவரும். முதலில் இன்றுள்ள அமைப்பைப் பார்த்துவிடுவோம்.

இராணுவ ஆட்சி நீங்கிய பின் 1988இல் பிரேசில் நிறைவேற்றிய அரசியலமைப்பின் 144ஆவது உறுப்புரை பொதுப் பாதுகாப்பைப் பற்றியது. மத்தியில் சமஷ்டிப் பொலிஸும் சமஷ்டி நெடுஞ்சாலைப் பொலிஸும் உண்டு. எல்லைகள், கடத்தல், மத்திய அரசுக்கு எதிரான குற்றங்கள், ஊழல் போன்றவை சமஷ்டிப் பொலிஸின் பொறுப்பு. சமஷ்டி ரயில்வேப் பொலிஸ் என்றும் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. அது பெரும்பாலும் காகிதத்தில்தான் வாழ்கின்றது. 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் சிறைச்சாலைப் பாதுகாப்புக்கென ஒரு தனிப் பொலிஸ் சேர்க்கப்பட்டது.

சாதாரண குடிமகன் அன்றாடம் எதிர்கொள்ளும் பொலிஸ் இவற்றுள் எதுவுமன்று. அது மாநிலத்தின் பொலிஸ். ஒவ்வொரு மாநிலத்திலும் அது ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது மிலிட்டரி பொலிஸ். சீருடை அணிந்து வீதியில் ரோந்து செல்வது, பொது ஒழுங்கைப் பேணுவது, குற்றம் நிகழும்போது தடுப்பது இதன் கடமை. இரண்டாவது சிவில் பொலிஸ். நிகழ்ந்துவிட்ட குற்றத்தை விசாரிப்பது, சாட்சியங்களைத் திரட்டுவது, அறிக்கையை அரச வழக்குத்தொடுநருக்கு அனுப்புவது இதன் கடமை. இரண்டுமே மாநில ஆளுநருக்குக் கீழ்ப்பட்டவை. இந்த ஆளுநர் ஜனாதிபதியால் நியமிக்கப்படுபவர் அல்லர். மாநில மக்களால் நேரடியாகத் தெரிவு செய்யப்படுபவர். ஆக, 26 மாநிலங்களிலும் சமஷ்டி மாவட்டத்திலுமாக 27 மிலிட்டரி பொலிஸ்கள், 27 சிவில் பொலிஸ்கள். மிலிட்டரி பொலிஸில் நாடு முழுவதும் சுமார் 4 இலட்சம் பேர் இருக்கிறார்கள். சிவில் பொலிஸார் அதில் கால்வாசி அளவினரே.

இரண்டின் பண்பும் வேறு. மிலிட்டரி பொலிஸில் சாதாரண சிப்பாய், கோப்ரல், சார்ஜன்ட், லெப்டினன்ட், கப்டன், மேஜர், கேணல் என்று பதவிகள் செல்லும். கேணலுக்கு மேல் பதவி இல்லை. ஜெனரல் என்ற பதவி தேசிய இராணுவத்துக்கே உரியது. சிப்பாயாகச் சேர்பவருக்கு ஒரு வாசல், அதிகாரியாகச் சேர்பவருக்கு வேறொரு வாசல். கட்டளைக்குக் கீழ்ப்படியாமை அங்கு இராணுவக் குற்றம். தொழிற்சங்கம் அமைக்கவும் வேலைநிறுத்தம் செய்யவும் அவர்களுக்கு அரசியலமைப்பு அனுமதி அளிக்கவில்லை. அது மட்டுமல்ல, மிலிட்டரி பொலிஸார் "இராணுவத்தின் துணைப் படையும் ஒதுக்குப் படையும்" ஆவர் என்று அதே 144ஆவது உறுப்புரை சொல்கின்றது. ஆளுநரின் கட்டளையின் கீழ் இருந்தபடியே தேசிய இராணுவத்தின் ஒதுக்குப் படையாகவும் இருப்பது ஒரு விசித்திரமான இரட்டை நிலை.

சிவில் பொலிஸில் நிலைமை வேறு. அங்கு பொலிஸ் நிலையத்தின் தலைவர் "டெலெகாடோ" எனப்படுவார். அவர் கட்டாயம் சட்டப் பட்டதாரியாக இருக்க வேண்டும். நீதிமன்ற மொழி பேசுபவர், கோப்புகளோடு வாழ்பவர். சீருடைக்காரர் அவரைப் பேனா பிடிப்பவராகப் பார்ப்பதும், அவர் சீருடைக்காரரைத் துப்பாக்கி பிடிப்பவராகப் பார்ப்பதும் இயல்பாகிவிட்டது.

நடைமுறையில் இது எப்படி இயங்கும்? இரவில் ஒரு கொள்ளை நடக்கிறது. மிலிட்டரி பொலிஸார் ஒருவரைக் கையும் மெய்யுமாகப் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு வழக்குப் பதிவு செய்யும் அதிகாரம் இல்லை. பிடிபட்டவரைச் சிவில் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே வரிசை இருந்தால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் அவர்கள் விட்டுவந்த வீதியில் ரோந்து இல்லை. கைது செல்லுமா, செல்லாதா என்பதை டெலெகாடோ தீர்மானிப்பார். அத்தோடு சீருடைக்காரரின் பங்கு முடிகிறது. பின்னர் வழக்கு என்ன ஆயிற்று என்பது அவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. விசாரணை செய்யும் சிவில் பொலிஸ்காரருக்கோ அந்த வீதியும் தெரியாது, அதில் வாழ்பவர்களும் தெரியாது.

பல ஆண்டுகளுக்கு முன், ஓய்வுபெற்ற தமிழ்ப் பொலிஸ் பரிசோதகர் ஒருவரோடு இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பொலிஸ் செய்திகளைச் சேகரித்த இளம் வயதிலிருந்தே எனக்குப் பழக்கமானவர். நாட்டின் பல பாகங்களிலும் பொறுப்பதிகாரியாகப் பணிபுரிந்தவர். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, பிடிக்கிறவன் ஒருத்தன், எழுதுறவன் இன்னொருத்தன் எண்டால், கோட்டிலை ஏறி நிண்டு பதில் சொல்லுறது ஆர்?" என்று கேட்டார்.

"பிடிச்சவர் சாட்சியா வருவார் ஐயா. ஆனால் பிடிச்சதுக்குப் பிறகு நடந்தது அவருக்குத் தெரியாது" என்றேன்.

"அப்ப வழக்கு ஆற்றை?" என்றார் அவர்.

வழக்கு யாருடையது என்ற அந்தச் சிறு கேள்வியைப் பிரேசிலின் அறிஞர்கள் "முழுச் சுற்று" என்ற பெயரில் பல ஆண்டுகளாக விவாதித்து வருகிறார்கள். ரோந்து முதல் விசாரணை வரையிலான முழுச் சுற்றையும் ஒரே பொலிஸ் செய்ய வேண்டும் என்பது அவர்களது வாதம். உலகின் பெரும்பாலான பொலிஸ் சேவைகளில் சீருடைப் பிரிவும் துப்பறியும் பிரிவும் ஒரே நிறுவனத்தின் இரு கைகளாகவே உள்ளன. பிரேசிலிலோ அவை இரு வேறு உடல்கள். விளைவு என்ன? அண்மைய ஆண்டுகளின் கணிப்புகளின்படி, பிரேசிலில் நிகழும் பத்துக் கொலைகளில் நான்கில்கூடக் கொலையாளி இனங்காணப்பட்டு வழக்குத் தொடரப்படுவதில்லை.

இந்தப் பிளவு எங்கிருந்து வந்தது? 1808இல் நெப்போலியனின் படைகளுக்கு அஞ்சிப் போர்த்துக்கல் அரச குடும்பம் கப்பலேறி ரியோ டி ஜெனீரோவுக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் பொலிஸ் நிர்வாகத் தலைமையகம் ஒன்றும், மறு ஆண்டு 1809இல் அரச பொலிஸ் காவற்படை ஒன்றும் அமைக்கப்பட்டன. எழுதும் பொலிஸ் ஒன்று, ஆயுதம் தாங்கிய பொலிஸ் ஒன்று என்ற பிரிவின் வேர் அங்கேயே இருக்கிறது. அன்றைய ரியோவில் அடிமைகள் பெருந்தொகையினர். அவர்களை அடக்கி வைப்பதே காவற்படையின் முதன்மையான வேலை. அதன் அதிகாரியாக இருந்த விடிகல் என்பவர், அடிமைகள் ஆடிய கப்போய்ரா என்ற தற்காப்புக் கலையைக் கண்டாலே சவுக்கெடுத்தவர். பிற்காலத்தில் அவருக்குக் கிடைத்த நிலத்தில் எழுந்த ஏழைகளின் குடியிருப்பு இன்றும் விடிகல் என்ற பெயரையே தாங்கி நிற்கின்றது. ரியோவின் மிலிட்டரி பொலிஸ் சின்னத்தில் முடியோடு கரும்பும் கோப்பியும் இருப்பதைக் காணலாம். யாருடைய சொத்தைக் காக்க இந்தப் பொலிஸ் உருவாயிற்று என்பதைச் சொல்ல வேறு ஆவணம் தேவையில்லை. அடிமை முறை அங்கு ஒழிந்தது 1888இல்தான்.

அடுத்த நூற்றாண்டில் மாநிலப் படைகள் சிறு இராணுவங்களாகவே வளர்ந்தன. சாவோ போலோ மாநிலம் 1906இல் பிரான்சிலிருந்து இராணுவப் பயிற்சிக் குழு ஒன்றை வரவழைத்தது. 1932இல் ஜெட்டூலியோ வர்காஸின் மத்திய அரசுக்கு எதிராக அம்மாநிலம் ஏறக்குறைய மூன்று மாதங்கள் போரிட்டபோது, அதன் பொலிஸ் படை களத்தில் நின்றது. மாகாணப் பொலிஸ் என்றால் தனி இராணுவம் என்று அஞ்சுவோர் எடுத்துக்காட்ட விரும்பக்கூடிய உதாரணம் இது. ஆனால் அதன் பிறகு நடந்ததையும் அவர்கள் கவனிக்க வேண்டும். மத்திய அரசு அப்படைகளைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. மாநிலங்கள் மீண்டும் கிளர்ந்தெழவில்லை. பொலிஸை மக்களுக்கு எதிராகத் திருப்பியது மத்தியைக் கைப்பற்றிய தேசிய இராணுவமே.

1964இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல்கள் 1969இல் ஓர் ஆணைச் சட்டத்தின் மூலம் எல்லா மாநிலங்களிலும் மிலிட்டரி பொலிஸை ஒரே அச்சில் வார்த்தார்கள். இராணுவத்தின் மேற்பார்வை அலுவலகம் ஒன்றின் கண்காணிப்பில் அது வைக்கப்பட்டது. அதுவரை நகரங்களில் ரோந்து சென்ற, இராணுவ அமைப்பில்லாத சிவில் காவலர்கள் கலைக்கப்பட்டார்கள். சாவோ போலோவில் 1970இல் சிவில் காவலர்களும் பழைய பொதுப்படையும் இணைக்கப்பட்டு மிலிட்டரி பொலிஸ் ஆயின. வீதி முழுமையாகச் சிப்பாயின் வசமாயிற்று. பொலிஸாரின் சூட்டில் இறந்தவரை "எதிர்த்ததால் இறந்தவர்" என்று பதிவுசெய்யும் வழக்கமும் ரியோவில் அதே 1969இல் தொடங்கியது. அவ்வாறு பதிந்துவிட்டால் பெரும்பாலும் கோப்பு மூடப்பட்டுவிடும். அந்தச் சொற்றொடரைக் கைவிடுமாறு சமஷ்டி, சிவில் பொலிஸ் தலைமைகள் முடிவெடுத்தது 2016இல். சர்வாதிகாரம் முடிந்து 31 ஆண்டுகளுக்குப் பின்!

1988இல் புதிய அரசியலமைப்பு எழுதப்பட்டபோது கல்வி, சுகாதாரம், தொழிலாளர் உரிமை எல்லாவற்றிலும் புதிய காற்று வீசியது. பொலிஸ் அத்தியாயத்தில் மட்டும் பழைய ஏற்பாடு ஏறக்குறைய அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. ஜனநாயக நாட்டின் அரசியலமைப்பு, சர்வாதிகாரம் வார்த்த பொலிஸ். காரன்டிரு படுகொலை இந்த ஏற்பாட்டுக்கு நான்கு வயதாக இருந்தபோது நிகழ்ந்தது.

மிலிட்டரி பொலிஸார் அக்காலத்தில் பொதுமக்களைக் கொன்றாலும் அவர்களை விசாரித்தது மாநிலத்தின் இராணுவ நீதிமன்றமே. 1993 ஜூலையில் ரியோவின் கண்டெலாரியா தேவாலயத்தின் அருகே உறங்கிக்கொண்டிருந்த 8 சிறுவர்களும் இளைஞர்களும் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே விகாரியோ ஜெரால் குடியிருப்பில் 21 பேர் கொல்லப்பட்டார்கள். 1996 ஏப்ரலில் பாரா மாநிலத்தின் எல்டொராடோ டொஸ் கரஜாஸில் நிலமற்ற விவசாயிகள் 19 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் சட்டம் மாறியது. பொதுமக்களை வேண்டுமென்றே கொல்லும் மிலிட்டரி பொலிஸாரை இனிச் சாதாரண நீதிமன்றத்தின் யூரிகள் விசாரிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

அதனால் மட்டும் நீதி கிடைத்துவிடவில்லை. காரன்டிருவுக்குள் படையை நடத்திச் சென்ற கேணல் உபிரட்டான் கிமராயெஸுக்கு 2001இல் 632 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீடு நிலுவையில் இருக்க, 2002இல் அவர் மாநிலச் சட்டசபைக்குத் தெரிவானார். அவரது வேட்பாளர் இலக்கம் 111 என்று முடிந்தது. 2006இல் விடுதலையாகி, அதே ஆண்டில் தமது வீட்டில் மர்மமாகக் கொல்லப்பட்டார். ஏனைய 74 பொலிஸார் 2013, 2014ஆம் ஆண்டுகளில் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். தீர்ப்புகள் ஒருமுறை இரத்தாகிப் பின் மீண்டன. இறுதியில் 2022 டிசெம்பரில், பதவியை விட்டுச் செல்லவிருந்த ஜனாதிபதி ஜயிர் பொல்சொனாரோ பொதுமன்னிப்பு வழங்கினார்.

இவ்விடத்தில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். "இராணுவ" என்ற சொல்லை நீக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவது பிழை. 2021 மே 6ஆம் திகதி ரியோவின் ஜகரெசினோ குடியிருப்பில் 28 பேர் உயிரிழந்த நடவடிக்கையைச் செய்தது சிவில் பொலிஸ். அதற்கென்றே கவச வாகனங்களும் ஹெலிகொப்டர்களும் கொண்ட அதிரடிப் பிரிவு உண்டு. சட்டம் இரண்டு பொலிஸையும் பிரித்து வைத்திருக்க, சிவில் பொலிஸ் ஒரு சிறு படையை வைத்துக்கொள்கிறது. மிலிட்டரி பொலிஸ் ஓர் இரகசிய உளவுப் பிரிவை வைத்துக்கொள்கிறது. 2025 ஒக்டோபர் 28ஆம் திகதி ரியோவின் பென்யா, அலெமாவோ குடியிருப்புகளில் இரண்டு பொலிஸும் சேர்ந்து நடத்திய நடவடிக்கையில் 120க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பொலிஸாரும் அடங்குவர். காரன்டிருவின் எண்ணிக்கையை அது கடந்துவிட்டது.

பிரேசில் முழுவதிலும் பொலிஸாரின் கையால் உயிரிழப்போரின் தொகை அண்மைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 6,000க்கும் மேலாக இருந்து வந்துள்ளது. அவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கறுப்பினத்தவர்கள். சுடும் சிப்பாய்களிலும் பெருந்தொகையினர் அதே நிறத்தவர்கள், அதே போன்ற ஏழைக் குடும்பங்களில் பிறந்தவர்கள். கடமையில் இல்லாத வேளையில் கொல்லப்படும் பொலிஸாரும் ஆண்டுதோறும் உண்டு. அவர்களது விதவைகளின் துயரமும் துயரமே.

சிப்பாய்க்குக் குரல் இல்லை என்பதன் விளைவை எஸ்பிரிட்டோ சாண்டோ மாநிலம் 2017 பெப்ரவரியில் கண்டது. சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்யப் பொலிஸாருக்கு உரிமையில்லை. ஆகவே அவர்களது மனைவிமாரும் உறவினர்களும் முகாம் வாயில்களில் அமர்ந்துகொண்டார்கள். வாகனங்கள் வெளியேற வழியில்லை என்று பொலிஸார் உள்ளே இருந்துவிட்டார்கள். ஏறக்குறைய மூன்று வாரங்கள் நீடித்த அந்நாட்களில் கடைகள் சூறையாடப்பட்டன. 100க்கும் மேற்பட்டோர் கொலையுண்டனர். தலைநகர் விட்டோரியாவின் வீதிகளில் தேசிய இராணுவம் இறங்கியது. 2020 பெப்ரவரியில் சியாரா மாநிலத்தின் சோப்ரால் நகரில், கலகம் செய்த பொலிஸார் இருந்த முகாம் வாயிலை உடைக்க மண்வெட்டும் இயந்திரம் ஒன்றைத் தாமே ஓட்டிச் சென்ற செனட்டர் சிட் கோமெஸ் சுடப்பட்டுக் காயமடைந்தார். கட்டுப்பாட்டுக்காகவே இராணுவ அமைப்பு என்று சொல்பவர்கள் இந்த இரு சம்பவங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

அப்படியானால் பொலிஸை மத்திய அரசிடம் ஒப்படைப்பதே மேல் என்று சிலர் முடிவுக்கு வரக்கூடும். அதற்கும் பிரேசிலிலேயே பதில் இருக்கிறது. 2022 ஒக்டோபர் 30ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்று நடந்தபோது, மத்திய அரசின் நெடுஞ்சாலைப் பொலிஸார் வாக்காளர்களை ஏற்றிச் சென்ற பஸ்களை வடகிழக்கு மாநிலங்களில் மறித்துச் சோதனையிட்டார்கள். அம்மாநிலங்கள் லூலா ட சில்வாவின் கோட்டைகள். அப்பொலிஸின் பணிப்பாளராக இருந்தவர் 2023இல் கைதானார். மத்தியில் இருப்பதனாலேயே ஒரு பொலிஸ் நடுநிலையாகிவிடாது.

மாறாக, ஒன்றுக்கு மேற்பட்ட பொலிஸ் இருப்பது சில வேளைகளில் காப்பாகவும் அமைவதுண்டு. ரியோ மாநகர சபை உறுப்பினர் மரியெல் பிராங்கோ ஏழைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். 2008இல் ரியோவில் தொடங்கிய "அமைதிப்படுத்தும் பொலிஸ் பிரிவுகள்" என்ற திட்டத்தையே தமது முதுகலை ஆய்வுக்குப் பொருளாக எடுத்தவர். 2018 மார்ச் 14ஆம் திகதி இரவு அவரும் அவரது சாரதியும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். சுட்டவர் மிலிட்டரி பொலிஸின் முன்னாள் உறுப்பினர். 2024 ஒக்டோபரில் அவருக்கு 78 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. கொலைக்கு முந்திய நாள் ரியோ சிவில் பொலிஸின் தலைவராகப் பொறுப்பேற்றவரும் 2024 மார்ச்சில் கைது செய்யப்பட்டார். சதியில் பங்கு கொண்டு விசாரணையைக் குழப்பினார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. அதை அவர் மறுத்தார். அவரைக் கைது செய்தது சமஷ்டிப் பொலிஸ். மாநிலப் பொலிஸ் மீதே சந்தேகம் விழும்போது வெளியிலிருந்து வந்து விசாரிக்க ஒருவர் வேண்டும் என்பதை இந்த வழக்கு உணர்த்துகின்றது.

மாநில அதிகாரத்தால் விளைந்த நன்மைகளையும் மறைக்கக்கூடாது. 1985 ஆகஸ்டில் சாவோ போலோ மாநிலம் பெண்களுக்கெனத் தனிப் பொலிஸ் நிலையம் ஒன்றைத் திறந்தது. பெண் அதிகாரிகளே முறைப்பாட்டை எழுதும் அந்த ஏற்பாடு ஏனைய மாநிலங்களுக்கும் பின்னர் பிற நாடுகளுக்கும் பரவியது. அதே மாநிலம் 2020ஐ அடுத்த ஆண்டுகளில் மிலிட்டரி பொலிஸாரின் மார்பில் தொடர்ந்து பதிவுசெய்யும் கமராக்களைப் பொருத்தியது. 2022க்குள் பொலிஸாரின் கையால் நேரும் மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 2023இல் ஆளுநர் மாறினார், கொள்கையும் மாறியது, எண்ணிக்கை மீண்டும் ஏறியது. உடலமைப்பு ஒன்றே, ஆட்கள் அவர்களே. மேலே இருந்து வந்த சமிக்ஞை மட்டுமே வேறு.

அயல் நாடுகளைப் பார்த்தால், சிலியில் கரபினேரோஸ் என்ற ஒரே தேசிய சீருடைப் பொலிஸ் 1927 முதல் இருந்து வருகின்றது. கொலம்பியாவின் தேசியப் பொலிஸ் பாதுகாப்பு அமைச்சின் கீழ் உள்ளது. இரு நாட்டிலும் பொலிஸ் வன்முறைக்கெதிராக மக்கள் வீதிக்கு வந்திருக்கிறார்கள். சிலியில் 2019இல், கொலம்பியாவில் 2021இல். ஒன்றாக இருந்தாலும் பலவாக இருந்தாலும் இராணுவத்தின் நிழல் விலகாத இடத்தில் நோய் ஒன்றுதான்.

பிரேசிலில் மாற்றத்துக்கான முயற்சிகள் இல்லாமலில்லை. 2012இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், மிலிட்டரி பொலிஸ் முறையை ஒழிக்குமாறு டென்மார்க் பரிந்துரைத்தது. இரண்டையும் இணைத்து ஒரே சிவில் அமைப்பாக்கும் அரசியலமைப்புத் திருத்த யோசனை 2013இல் செனட் சபைக்கு வந்தது, நிறைவேறவில்லை. 2025 ஏப்ரலில் லூலாவின் அரசாங்கம் மத்திய, மாநிலப் பொலிஸ்களை ஒருங்கிணைக்கும் திருத்த யோசனையொன்றைக் காங்கிரஸுக்கு அனுப்பியபோது, ஆளுநர்கள் சிலர் தமது அதிகாரம் பறிபோகிறது என்று எதிர்த்தார்கள். காங்கிரஸில் முன்னாள் பொலிஸாரும் அவர்களது ஆதரவாளர்களும் வலுவான அணியாக இருக்கிறார்கள். "தோட்டா அணி" என்றே அதற்குப் பெயர். குற்றத்துக்கு அஞ்சும் வாக்காளர் அவர்களுக்கு வாக்களிக்கிறார். அந்த அச்சம் பொய்யானதன்று என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

பிரேசிலின் மாநிலங்கள் பொலிஸ் அதிகாரத்தைப் பெற்றிருக்கின்றன. ஆனால் அந்தப் பொலிஸை வார்த்த அச்சு அவர்களுடையதன்று. அதிகாரம் கைமாறும்போது அச்சையும் உடைத்து வார்க்கத் தவறினால், கட்டளையிடுபவரின் முகவரி மட்டுமே மாறும். கதவைத் தட்டும் சப்பாத்துக்காலின் ஒலி மாறாது. எமது நாட்டில் 13ஆவது திருத்தம் சொன்ன மாகாணப் பொலிஸ் இன்னும் அமைக்கப்படவில்லை. அமைக்கப்படாத ஒன்றைப் பற்றி முன்கூட்டியே யோசிக்கக் கிடைக்கும் அவகாசத்தை நாம் நல்லமுறையில் பயன்படுத்தலாம். எத்தனை பொலிஸ் பிரிவுகள், அவை யாருக்குக் கீழே என்று கணக்கிடுவதோடு நின்றுவிடாமல், முறைப்பாடு செய்ய வரும் ஏழைப் பெண்ணிடம் அங்கே யார் பேசுவார், அவளது வழக்கைக் கடைசி வரை கொண்டுசெல்பவர் யார், அந்தப் பொலிஸ்காரரே அவளுக்குத் தீங்கு செய்தால் அவள் யாரிடம் போவாள் என்பதையும் நாம் எழுத வேண்டும், பேச வேண்டும். பிரேசிலின் மக்கள் இந்தக் கேள்விகளை 1988இல் கேட்க வாய்ப்பிருந்தது. கேட்கப்படாததன் விலையை அவர்களது பிள்ளைகள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.